சிஞ்ஞோராவின் துண்டும் அன்ரனின் லமினேற் மெசினும்

1

இந்த வருடம் ஜனவரி இருபத்தேழாம் திகதி சிஞ்ஞோரா லியா எதையும் வாசிக்கவில்லை. கோப்பியைக் குடித்தார். ரேடியோவைப் போடச் சொன்னார், பிறகு நிற்பாட்டச் சொன்னார். நான் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த காலம்தொட்டு அந்தத் திகதியில் அவர் வாசிக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. காரணம் என்னுடைய வீட்டுக்காரர். அவர் செய்த வேலையைச் சொன்னால், ஊரிலிருக்கிற நீங்கள் முதலில் "இதில் என்ன பிழை?" என்றுதான் கேட்பீர்கள். அதனால் கொஞ்சம் ஆறுதலாகவே எழுதுகிறேன்.

இத்தாலியில் அது நினைவு நாள். போர்க்காலத்தில் யூதர்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றதை மறக்காமல் இருப்பதற்காக வைத்த நாள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்திப் படம் காட்டுவார்கள். சிஞ்ஞோரா என்றால் இத்தாலியனில் அம்மணி; எங்கள் சிஞ்ஞோரா யூதப் பெண். எண்பதைத் தாண்டியவர், கலியாணம் செய்யாதவர். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கால்சா என்கிற பகுதியில், கடலுக்குக் கிட்ட, பழைய மாளிகை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறார். கீழ்மாடிகளைப் பூசி மெழுகி உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் மாடிக்கு மட்டும் கூரை ஒழுகும். "எங்கள் மாடி" என்று எழுதுகிறேன், பாருங்கள். நான் இருப்பது ஒரேத்தோ என்கிற பகுதியில், லிப்ட் வேலை செய்யாத ஒரு தொடர்மாடியில். காலையில் பஸ் பிடித்துக் கால்சாவுக்குப் போய், சிஞ்ஞோராவைக் குளிக்கவார்த்து, சமைத்து, வீட்டைத் துடைத்து, பொழுதுபடத் திரும்புவேன். ஆனாலும் வாய் அப்படித்தான் பழகிவிட்டது.

என்னை வேலைக்கு எடுத்தபோது கண்ணாடி போட்டுப் பேப்பர் வாசித்த மனுசி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனது. இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், என் முகம் தெரியாது. என் பெயர் ரஞ்சினி. ஞானஸ்நானப் பெயர் மேரி என்பதால் அவர் என்னை மரியா என்றுதான் கூப்பிடுவார். நான் திருத்தவில்லை. அந்த வீட்டில் மரியாவாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2

சிஞ்ஞோராவின் அப்பா டொக்டர். பலெர்மோ ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்தவர். யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்ததும் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மனைவியின் ஆட்கள் இருந்த வடக்குக்குப் போனார். அங்கே யூதர்கள் ரேடியோ வைத்திருக்கக் கூடாது என்று வீட்டிலிருந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு ஒழுங்காக ஒரு பற்றுச்சீட்டும் கொடுத்தார்கள். அந்தப் பற்றுச்சீட்டை முதன்முதல் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பறிக்கிறவன் ரசீது தருவது எங்களுக்கும் தெரியாத சங்கதி இல்லை. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வெளிக்கிடக்கூடப் பாஸ் எடுத்துப் பயணம் போன சனம் நாங்கள்.

சிஞ்ஞோரா வடக்கில்தான் பிறந்தார். அவர் தவழத் தொடங்கிய காலத்தில் ஜெர்மன்காரர் அப்பாவைப் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். சிசிலியில் அமெரிக்கப் படையும் இங்கிலாந்துப் படையும் அதற்கு முன்னமே இறங்கிவிட்டன. இங்கே இருந்திருந்தால் அந்த மனிதரை யாரும் ரயிலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். வேலையைப் பறித்தபடியால்தான் வடக்கே போனார், வடக்கே போனபடியால்தான் உயிரும் போனது. சிஞ்ஞோரா இதைச் சொல்லும்போது குரல் ஒருநாளும் உயராது. எனக்குத்தான் கொதிக்கும்.

ரயிலின் இடுக்கால் அவர் ஒரு கடதாசித் துண்டை வெளியே போட்டார். மருந்து சுற்றுகிற தடித்த கடதாசி, ஒரு மூலை கிழிந்தது. தண்டவாளத்தில் வேலை செய்த யாரோ அதை எடுத்து, உறைக்குள் வைத்துத் தபாலில் போட்டிருக்கிறார். அந்தப் புண்ணியவானின் பெயர் யாருக்கும் தெரியாது. மனைவிக்கு எழுதியது; அதில் இருப்பது இவ்வளவுதான்: "எலீசா, எங்களைக் கொண்டுபோகிறார்கள். எனக்குச் சுகம். லியாவுக்கு இருமல் வந்தால் நெஞ்சைச் சூடாக வைத்திரு. பால் கொடு. நான் வருவேன்."

அவர் வரவில்லை. போர் முடிந்ததும் தாய் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பலெர்மோவுக்கே வந்துவிட்டார். மனுசன் தேடி வந்தால் தன்னுடைய பழைய ஊருக்குத்தான் வரும் என்று நினைத்தாராம். சாகும்வரைக்கும் வேறு எங்கும் வீடு மாற்றவில்லை.

கட்டைப் பென்சிலால், முழங்காலில் வைத்து அழுத்தி எழுதியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு எழுத்தும் கடதாசியில் பள்ளமாக இறங்கியிருந்தது. கண் போன பிறகு சிஞ்ஞோரா அந்தப் பள்ளங்களில் விரலை வைத்து வாசிக்கப் பழகினார். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. மனப்பாடம் ஆக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் "இஞ்சை பார்" என்று என் விரலைப் பிடித்து "லியா" என்ற இடத்தில் வைத்தார். உண்மையாகவே தட்டுப்பட்டது. தன்னுடைய பெயர் இருக்கிற இடத்தில் மட்டும் அப்பா கூட அழுத்தியிருக்கிறார் என்று சொன்னார். அவருக்கு அப்பாவின் முகம் தெரியாது, குரல் தெரியாது. அந்த அழுத்தம் ஒன்றுதான் தெரியும்.

வேலையால் நிற்பாட்டிய கடிதம், ரேடியோப் பற்றுச்சீட்டு, அப்பாவின் நெஞ்சு சோதிக்கிற குழாய், பிள்ளைக்குப் பின்னிய கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அங்கிருந்து ஒரு தொத்தோரெஸ்ஸா வந்து எல்லாவற்றையும், துண்டையும்கூட, படம் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, படித்துப் பட்டம் எடுத்த பெண்களை இங்கே தொத்தோரெஸ்ஸா என்பதால் நாங்கள் பட்டத்தைத்தான் சொல்லிக் கூப்பிடுவோம். துண்டை மட்டும், தான் செத்த பிறகு வந்து எடுக்கும்படி சிஞ்ஞோரா சொல்லிவிட்டார்.

3

இனி என் வீட்டுக்காரரிடம் வருகிறேன். பெயர் அன்ரன். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள். வுச்சீரியாச் சந்தைக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் மீன் வெட்டுகிறார். வந்து இத்தனை வருடமாகியும் அவருடைய இத்தாலியன் மீனையும் வெங்காயத்தையும் தாண்டவில்லை. பிழை விடப் பயந்து, வினைச்சொல்லையே போடாமல் கதைத்து முடித்துவிடுவார்.

அவருக்கு ஒரு விசர் இருக்கிறது. கடதாசியைக் கண்டால் லமினேற் பண்ண வேண்டும். வீட்டில் சொந்தமாக மெசினே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் சனம் கோயில் வாசலில் அவரைப் பிடிக்கும். ஞானஸ்நானச் சான்றிதழ், கலியாணப் பதிவு, ஊர்க் காணி உறுதியின் கொப்பி, பிள்ளையின் புதுநன்மைப் படம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும், மினுங்கிக்கொண்டு திரும்பிப் போகும். ஒருதரம் பேசாலை ஆள் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்கிற அனுமதி விசயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனார். பிளாஸ்டிக்குக்கு மேல் முத்திரை குத்த முடியாது, புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தியது கீழ்வீடு வரைக்கும் கேட்டது. அன்ரன் அசையவில்லை.

"முத்திரை இண்டைக்குக் குத்துவாங்கள், நாளைக்கு மாத்துவாங்கள். கடதாசி இருக்கவேணும்" என்றார்.

அவருக்கு இந்த விசர் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். சண்டையால் தீவை விட்டு வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்து, பிறகு அங்கிருந்தும் வெளிக்கிட்டு, கிளாலிக் கடலேரியால் படகில் வந்தவர். தாயும் தகப்பனும் முதலே செத்துப்போய்விட்டார்கள். அவர்களுடைய ஒரே படத்தையும் தன்னுடைய பிறப்புச் சான்றிதழையும் சொப்பிங் பையில் சுற்றி வயிற்றில் கட்டியிருந்தார். படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கரையில் வந்து அவிழ்த்துப் பார்த்தபோது படத்தில் முகம் இல்லை, சான்றிதழில் எழுத்து இல்லை. அந்தச் சான்றிதழுக்காகப் பிறகு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் அவர் பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புத்தகம். மகள் ஜெனிக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் சொன்னதில்லை, அவள் கேட்டதுமில்லை. போன வருடம் பள்ளிக்கூடத்தில் சிஞ்ஞோராவின் அப்பாவைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவள். எந்த ரயில், எந்த நிலையம் என்று அவளுக்கு எல்லாம் நாக்கு நுனியில். தன்னுடைய அப்பா எதில் ஏறி வந்தார் என்று கேட்டால் "ஏரோப்பிளேனில" என்பாள்.

4

போன மாரியில் கூரை மோசமாக ஒழுகியது. சிஞ்ஞோராவின் அலுமாரிச் சுவரில் பூஞ்சணம் ஏறிவிட்டது. கூரைக்காரர் வேலை முடிக்கும்வரை துண்டு இருக்கிற தகரப் பெட்டியை என் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன். அது என்னவென்று அன்ரனுக்கும் சொன்னேன். ஈரத்தில் பழுதாகிவிடும் என்றுதான் என்னிடம் தந்தார்கள் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது மனுசன் புதுச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு வாரும். உம்மட சிஞ்ஞோராவுக்கு ஒரு சாமான் செய்து வைச்சிருக்கிறன்."

மேசையில் துண்டு மினுங்கியது. கிழிந்த மூலையை ஒட்டிப் பிளாஸ்டிக்கை வளைத்து அழகாக வெட்டியும் இருந்தார்.

"இனிக் கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் நடவாது" என்றார்.

மேலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி யன்னலைத் தடவினது மாதிரி வழுக்கியது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

"உங்களை ஆரப்பா கேட்டது? அந்த மனுசி கையால வாசிக்கிறவ! கையால! இதிலை அவ என்னத்தைத் தடவுறது?"

அறையிலிருந்து ஓடிவந்த ஜெனி மேசையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அப்பா! மா கே ஆய் ஃபாத்தோ! இப்பிடியான பேப்பருக்கு சூடு காட்டவே கூடாது!" என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று தகப்பனை இத்தாலியனில் அவள் ஏசியது அதுதான் முதல் தடவை.

அன்ரன் மெசினின் வயரைக் கழற்றிச் சுற்றிக் கட்டினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, வெட்டி எடுக்கலாமோ என்று என்னைக் கேட்டார். மனுசன் கத்தரிக்கோலும் கையுமாக நின்றதைக் கண்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டேன், தேவைப்படும் என்று.

5

நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அன்ரன் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டால், இத்தாலியன் வினைச்சொல் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

சிஞ்ஞோரா கையில் வாங்கினார். விரலை வைத்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"மரியா, சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியலை எதற்கு என்னிடம் தருகிறாய்?"

அன்ரன் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோனது. "சிஞ்ஞோரா, நான், நான் பிழை" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்த சொல் இல்லை. மிச்சத்தை நான் சொன்னேன். சிஞ்ஞோரா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "இரண்டு பேரும் போங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் என்னோடு கதைக்கவில்லை. தண்ணீர் என்பார், செருப்பு என்பார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குளிக்கவார்க்கும்போது முதுகு விறைப்பாக இருக்கும். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஜனவரி அப்படித்தான் வந்து போனது.

மாசி பிறந்ததும் தொத்தோரெஸ்ஸாவைக் கூப்பிடச் சொன்னார். அன்றைக்கு அன்ரனும் வந்தார், தொத்தோரெஸ்ஸாவின் பெரிய பெரிய சொற்களை விளங்கப்படுத்த ஜெனியும் வந்தாள். அந்தப் பெண் துண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது எனக்குத் தெரிந்தது.

சிஞ்ஞோரா முந்திக்கொண்டார். "எங்கள் வீட்டு ஆள்" என்றார்.

எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

தொத்தோரெஸ்ஸா விளக்கினார். பரிசோதனைச் சாலையில் மருந்து போட்டுப் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லக் கழற்றிப் பார்க்கலாம். பென்சில் எழுத்து அதோடு உரிந்து வரவும் கூடும், வராமல் தப்பவும் கூடும். எழுத்துத் தப்பினாலும், மெசின் சூட்டில் அழுத்திய பள்ளங்கள் திரும்ப வருமா என்று தன்னால் சொல்ல முடியாது. கழற்றாமலே விட்டால் எங்கள் காலம்வரை எழுத்து இருக்கும், பசை மெல்ல மெல்லக் கடதாசியைத் தின்றுவிடும். எது வேண்டும்?

அன்ரனை அந்தோனியோ என்றுதான் சிஞ்ஞோரா கூப்பிடுவார். அன்ரன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "அந்தோனியோ, நீ ஏன் இதைச் செய்தாய்?" என்று கேட்டார்.

அன்ரன் மேற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து அவருடைய கையில் வைத்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழ். லமினேற் பண்ணியது. அதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லு" என்றார் அன்ரன், ஜெனியிடம். "எல்லாம் கிளாலித் தண்ணியிலை கரைஞ்சு போச்சு. வெறும் நீலக் கறைதான்."

"அப்படியென்றால் எதற்கு இதற்குப் பிளாஸ்டிக்?"

"மிஞ்சினது அந்தக் கறைதானே. அதுவும் போயிடும் எண்டுதான்."

ஜெனி இதை இத்தாலியனில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள். மீதியை நான் சொல்லி முடித்தேன். சிஞ்ஞோரா அந்தச் சான்றிதழை விரலால் தடவி மடியில் வைத்தார். பிறகு தொத்தோரெஸ்ஸாவிடம் சொன்னார்: "கழற்றுங்கள். எழுத்து உங்களுடைய படத்தில் இருக்கிறது. எனக்குக் கடதாசி கைக்கு வர வேண்டும்."

திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தில் ஜெனி தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. "அப்பா, அந்தத் தண்ணி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள். பஸ் வந்தது. அன்ரன் ஏறவில்லை, அவளும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.

6

உயிர்த்த ஞாயிறு கழிந்து தொத்தோரெஸ்ஸா வந்தார். துண்டை இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் முழுதாகப் போயிருந்தது. எழுத்துக் கொஞ்சம் மங்கியிருந்தாலும் எல்லாச் சொல்லும் இருந்தது. நான் முதலில் கண்ணால் பார்த்து "லியா" என்ற இடத்தைத் தேடினேன். இருந்தது. அன்ரன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கிட்ட வரப் பயம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடதாசியை அல்ல, சிஞ்ஞோராவின் முகத்தை.

தொத்தோரெஸ்ஸா துண்டைச் சிஞ்ஞோராவின் கையில் கொடுத்தார். சிஞ்ஞோரா அதை ஒருதரம் திருப்பினார், பிறகும் திருப்பினார். விரல் அங்கும் இங்கும் போனது. பிறகு விரல் ஓரிடத்தில் நின்று மெல்ல நகரத் தொடங்கியது. சிஞ்ஞோரா வாசித்தார்.

"எலீசா, எங்களைக் கொண்டுபோகிறார்கள். எனக்குச் சுகம். லியாவுக்கு..."

அந்த இடத்தில் விரலை நிறுத்தினார். "இருக்கிறது, அந்தோனியோ. அழுத்தம் அப்படியே இருக்கிறது" என்றார். பிறகு மிச்சத்தையும் கடைசிச் சொல்வரைக்கும் வாசித்து முடித்தார்.

அன்ரன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கிளாலிக் கதையைச் சொல்லும்போதுகூட அழாத மனுசன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் கோப்பி போடுறன்" என்று குசினிக்குப் போனார். அவர் நடந்த நடை வேறு.

தொத்தோரெஸ்ஸா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கண் தெரியும். சிஞ்ஞோராவின் கையில் கடதாசி தலைகீழாக இருந்தது.

நான் கிட்டப் போய்க் குனிந்து, ஒன்றும் சொல்லாமல் துண்டை நேராகத் திருப்பி வைத்தேன். சிஞ்ஞோராவுக்கு விளங்கிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன் கண்டானா?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"அப்படியென்றால் சொல்லாதே" என்றார். "போய்ப் பார், கோப்பிக்குச் சீனியைக் கொட்டிவிடப் போகிறான்."

அன்ரன் நான் எழுதுகிற எதையும் வாசிக்கிறவர் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது அவரோடு போனில் கதைத்தால், துண்டைப் பற்றிக் கேளுங்கள். சிஞ்ஞோரா எப்படி விரலால் வாசித்தார் என்று அவர் ஒரு சொல் விடாமல் சொல்லுவார். நீங்களும் கேட்டுக்கொண்டே இருங்கள்.